கதவுக்கு வெளியே

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக்காரர் ஜிம்மி ராட்ஜர்ஸ். 1897-இல் பிறந்தவர், இளமையிலேயே ரயில்வேயில் பிரேக்மேன் வேலைக்குப் போனவர். சரக்கு வண்டியில் சீட்டில்லாமல் ஒளிந்து வரும் நாடோடிகளை இறக்கிவிடுவதும் பிரேக்மேன்களின் வேலைகளில் ஒன்று. காசநோய் கண்டு, உடல் அத்தொழிலுக்கு இடந்தராமற் போன பின் அவர் பாடகரானார்.

1928-இல் அவர் பாடிய ‘வெயிட்டிங் ஃபார் எ டிரெயின்’ ஒரு நாடோடியின் கதை. கையில் காசில்லை என்றறிந்ததும் பிரேக்மேன் ஒருவன் அவனை இறக்கிவிட்டுக் கதவை அறைந்து சாத்துகிறான். வீடோ வெகு தொலைவு. இங்கே ராட்ஜர்ஸ் ‘நான்’ என்று பாடுவது யாருக்காக? தம் தொழிற்காரனுக்காக அன்று, இறக்கிவிடப்பட்டவனுக்காக!

பிரேக்மேன் செய்தது விதிப்படி குற்றமாகாது. இரங்கி ஏற்றினால் அவன் வயிற்றுப்பாடு என்னாவது? கடமை சில நேரம் கதவைச் சாத்தத்தான் சொல்கிறது. ஆனால், அந்தக் கதவோடு மனத்தையும் சாத்திக்கொள்ளும்படி அது சொல்லவில்லை. நாமாகவே சாத்திக்கொள்கிறோம், பிறகு அதற்கும் கடமை என்றே பெயர் வைக்கிறோம்.

பாட்டு அந்த ஏழையை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்காது. உண்மைதான். ஆயினும், வெளியே நிற்பவனும் ‘நான்’தான் என்று ஒரு கணம் உணர்ந்தவன், அடுத்த முறை கதவைச் சாத்தும்போதாவது அறைந்து சாத்தமாட்டான். அறம் அங்கேதான் தொடங்குகிறது.