களிப்பாறையும் அனுமானமும்

மலையில் புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பது நியாய சாஸ்திரிகள் தலைமுறை தலைமுறையாக எடுத்தாண்ட உதாரணம். புகையுள்ள இடமெல்லாம் நெருப்பு உண்டென்ற நியதியை எங்ஙனம் நிச்சயித்தீர்கள், நீங்கள் காணாத இடத்திலும் வரப்போகும் காலத்திலும் அது பொய்க்காதென்பதற்குப் பிரமாணம் என்ன என்று, பிரத்தியட்சம் ஒன்றையே பிரமாணமாகக் கொண்ட சார்வாகர்கள் அன்று தொடுத்த வினா, இன்று சுவிட்சர்லாந்தின் ஜூரா மலையில், மோன் தெரி என்னுமிடத்தில் சுமார் 300 மீட்டர் ஆழத்தில் குடைந்த சுரங்கத்துக்குள் மறுபடியும் எழுந்திருக்கிறது; பிறவாத சந்ததிகளின் க்ஷேமம் அதன் விடையைப் பொறுத்திருக்கிறது.

அணு உலைக் கழிவைப் புதைக்கத் தகுந்ததா என்று 1996 முதல் அங்கே ஆராயப்படும் ஓப்பலினஸ் களிப்பாறை, ஏறத்தாழ 17 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு இறுகி உண்டானது. ஒரு மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டர் நீர்மட்ட வேறுபாடு இருக்கும்படி வைத்தாலும், அதன் ஒரு சதுர மீட்டர் பரப்பு வழியே ஆயிரம் ஆண்டுகளில் கசியக்கூடிய நீர் மூன்று லிட்டர் அளவே. அதன் நுண்துளைகளில் பண்டைக் கடலின் உப்பு இன்னும் எஞ்சியிருக்கிறது. பாறைக்குள்ளேயே பிறந்த ஹீலியம் மையத்தில் மிகுந்தும் ஓரங்களில் குறைந்தும் பரவியிருக்கும் விதத்தைப் பார்த்தால், லட்சக்கணக்கான ஆண்டுகளாக அங்கே எப்பொருளும் ஓடிச் செல்லவில்லை, மெல்ல ஊறியே நகர்ந்திருக்கிறது என்று தெளிகிறது. புளுட்டோனியம்-239 பாதியாகக் குறையவே 24,100 ஆண்டுகள் வேண்டும். அதைக் காக்க இத்தகைய பாறையை நாடுவது நியாயமே.

ஆனால் கழிவை உள்ளே வைக்கத் தோண்ட வேண்டும், தோண்டினால் பாறை உடைகிறது. மேலே அழுத்திக்கிடந்த பாரம் சுரங்கத்தைச் சுற்றித் திசைமாறிப் பாய, சுவருக்குப் பின்னால் விரிசல்கள் பிறக்கின்றன. ஒளிரும் சாயம் கலந்த பிசினைச் சுவருக்குள் செலுத்தி இறுகவிட்டு, அவ்விடத்தை உருளையாகத் துளைத்தெடுத்து அறுத்துப் புற ஊதா ஒளியில் காட்டினால், சுவருக்கு இணையாக ஓடும் மெல்லிய கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன. வறண்ட குளிர்காலக் காற்றில் சுவர்ப்பரப்பின் வெடிப்புகள் அகல்வதையும், ஈரமான கோடையில் அவை நெருங்குவதையும் கருவிகள் பதிவுசெய்திருக்கின்றன. விரிசலுற்ற இப்பகுதியில் நீர் பழுதுறாத பாறையைவிடப் பல்லாயிரம் மடங்கு எளிதாகச் செல்லக்கூடும்.

நீர் திரும்பிவந்து களிமண் கனிமங்கள் உப்பும்போது இவ்விரிசல்கள் பெரும்பாலும் தாமே அடைபடுகின்றன என்பது பெரிய ஆறுதல். எனினும் காற்றற்ற ஈரத்தில் எஃகுக் கலங்கள் துருவேறித் தருகின்ற ஹைட்ரஜனுக்குப் போக்கிடம் வேண்டும். இறுகிய பாறை அதை எளிதில் விடாது, அழுத்தம் ஏறும். நீரை எண்ணினால் அடைபடவேண்டிய அதே பகுதி, வாயுவை எண்ணினால் சற்றே வழிவிடவேண்டியிருக்கிறது. ஆகையால் கணிப்பாளர்கள் பாறையைச் சிறு சிறு கட்டங்களாகப் பகுத்து, நுண்துளைகளினூடே நீர் செல்லும் அளவைக் குறித்து 1856-இல் தார்சி என்பவர் கண்ட விதியை நீர், வாயு இரண்டுக்கும் பொருத்தி, எண்ணற்ற விரிசல்களைச் சராசரியான ஒரே ஊடகமாகக் கொண்டு கணக்கிடுகிறார்கள். ஒரு விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறதென்று அச்சராசரிக்குத் தெரியாது.

சார்வாகரின் வினா உறைப்பது இங்கேதான். பழுதுறாத பாறைக்கு யுகங்களின் சாட்சியம் இருக்கிறது. பழுதுற்ற பாறைக்கோ சில பத்தாண்டுகளின் பிரத்தியட்சம் மட்டுமே உண்டு. அதன் லட்சம் ஆண்டு நடத்தை முழுக்க முழுக்க அனுமானம்.

இவ்வினாவுக்கு நியாய சாஸ்திரியான உதயணர் நியாய குஸுமாஞ்சலி என்னும் நூலில் தந்த விடை எனக்கு இன்றும் திருப்தியளிக்கிறது. காணாத காலத்தில் நியதி பிறழலாமென்று ஐயுறுகிறவன், அக்காலம் ஒன்று உண்டென்று அனுமானித்தே ஐயுறுகிறான். அன்றியும், தன் செய்கையோடே முரண்படும் எல்லையில் சந்தேகம் நின்றுவிடும் என்பது அவர் கருத்து. புதைக்காதே, கணிப்பை நம்பாதே என்கிறவரும், நிலத்தின்மேல் வைத்த கழிவை அரசுகளும் காவலர்களும் ஆயிரமாயிரம் ஆண்டுகள் இடையறாது காப்பார்கள் என்று அனுமானிக்கிறவரே. அவ்வனுமானத்துக்குச் சரித்திரத்தில் ஓர் ஆதாரமும் கிடையாது. மின்சாரத்தை அனுபவித்த நாமே கணக்கையும் போட்டாக வேண்டும். அதிலிருந்து ஒதுங்கி நிற்க ஓர் இடமில்லை.

ஆயினும், சம்மதம் கேட்க முடியாதவர்கள்மீது சுமத்தப்படும் அனுமானம், தான் பிழைபடக்கூடிய இடத்தைத் தானே வெளியிட்டாலன்றித் தர்மமாகாது. பிரான்சு தேசத்தில் பூர் என்னுமிடத்தருகே இத்தகைய களிப்பாறையில் அமைக்கக் கருதும் புதைவிடத்துக்கு, குறைந்தது 100 ஆண்டுகள் முடிவை மாற்றிக்கொள்ளும் வழி இருக்கவேண்டுமென்று 2016-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. அந்த நூறாண்டும் சுவரில் அளந்ததையும் கணிப்பு சொன்னதையும் அருகருகே வைத்து, ஒவ்வாதவற்றை முதலில் பிரசுரிக்க வேண்டும். செலவைக் காரணம் காட்டி அக்காலத்தை எவர் குறைக்க முயன்றாலும் குடிமக்கள் இடங்கொடுக்கலாகாது.