அந்த ஆடை யாருடையது?



விளையாட்டுக்காரர் ஒருவரின் முப்பதாம் நாள் திருப்பலிக்கு எந்த வாசகம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஓடி முடித்த நிறைவோடு பவுலடியார் திமொத்தேயுவிடம் விடைபெறும் பகுதி. குடும்பத்தாரும் அதைத்தான் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவர்களிடம் கேட்டுக்கொண்டு நான்தான் மாற்றினேன். நம் பிரதர் நிறைய ஓடியிருக்கிறார், ஆனால் வெற்றி வாகை சூடியவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் பங்குத் திருவிழா வாலிபால் போட்டியில் அவருடைய அணி அரையிறுதியைத் தாண்டியதே இல்லை. பின்வரிசையில் இளைஞர்கள் சிரிக்கிறார்கள். உண்மைதானே, தம்பிகளா?

ஆண் செவிலியரை ஆஸ்பத்திரியில் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். வார்டில் கூப்பிட்ட பெயர் தெருவுக்கும் வந்து, பங்கிலும் நிலைத்துவிட்டது.

இன்றைய நற்செய்தி மாற்கு ஐந்தாம் அதிகாரம். கெரசேனர் பகுதியில் கல்லறைகளுக்கு நடுவே குடியிருந்த மனிதர். சங்கிலியால் கட்டிப் பார்த்தார்கள், அறுத்துப் போட்டார். இரவு பகலாகக் கத்துவதும் கற்களால் தம்மையே கீறிக்கொள்வதுமாக இருந்தார். நெடுநாளாக அவர் உடம்பில் துணியில்லை என்று லூக்கா சேர்த்துச் சொல்கிறார். இயேசு அவரிடம் பெயரைக் கேட்கிறார். அதற்குப் பிறகு நாம் எல்லாரும் பன்றிகளின் பின்னால் ஓடிவிடுகிறோம். இரண்டாயிரம் பன்றிகள் ஏரியில் பாய்ந்தால் யார்தான் பார்க்கமாட்டார்கள்! ஊர்க்காரர்கள் வந்தபோது அந்த மனிதர் ஆடை உடுத்தி, புத்தி தெளிந்து உட்கார்ந்திருக்கிறார்.

அந்த ஆடை எங்கிருந்து வந்தது? கல்லறைத் தோட்டத்தில் ஜவுளிக்கடை ஏது? நற்செய்தியில் பதில் இல்லை. என் ஊகத்தைச் சொல்கிறேன்: படகிலிருந்து இறங்கிய சீடர்களில் யாரோ ஒருவர் தம் மேலாடையைக் கழற்றியிருக்க வேண்டும். கல் கீறிய காயங்களைத் துடைத்து, கையைப் பிடித்து உடுத்திவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். ஊரே பயந்த உடம்பை முதலில் தொட்ட கை அது. புதுமை செய்தவர் ஆண்டவர். அதற்குப் பிந்தைய வேலையைப் பார்த்தவர் பெயர் தெரியாத அந்த ஆள். நம் பிரதருக்கு அந்த வேலைதான் உத்தியோகம்.

கீழ்ப்பாக்கம் என்றால் நமக்குச் சிரிப்பு. சினிமா கற்றுக்கொடுத்த சிரிப்பு அது. 1794-ல் சிறிய காப்பகமாகத் தொடங்கி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த மனநல மருத்துவமனை அது, பிரதர் வேலை பார்த்த இடம். இத்தனை தலைமுறையாக நம் சொந்தபந்தங்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. நாமோ அந்தப் பெயரை வசவாக்கி வைத்திருக்கிறோம். பெண் பார்க்கப் போன வீடுகளில், மாப்பிள்ளைக்கு எங்கே வேலை என்ற கேள்விக்குப் பதில் சொன்னதும் காபி தம்ளர் பாதி வழியில் நின்ற கதையைப் பிரதரே சொல்லிச் சிரிப்பார். ‘யாராவது பார்த்துத்தானே ஆகணும்’ என்று ஒரு வீட்டுப் பெண் சொன்னாராம். அந்த அக்காதான் இதோ முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

மனம் உடைவது யாருக்கும் வரலாம். எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் அத்தனை பெரிய வெற்றி பெற்றவர், ஈசபேலுக்குப் பயந்து ஓடி, சூரைச் செடியின் அடியில் விழுந்து, சாக வேண்டும் என்று மன்றாடுகிறார். இறைவாக்கினருக்கே அந்த நிலை. வானதூதர் வந்து விசுவாசம் போதவில்லை என்று அவரைத் திட்டவில்லை. தட்டி எழுப்பி, தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுக்கிறார். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்குகிறார். தூதர் காத்திருந்து மறுபடி எழுப்பி, மறுபடி சாப்பாடு கொடுக்கிறார். கடவுள் அவரிடம் கேள்வி கேட்டது நாற்பது நாள் நடைக்குப் பிறகு, ஓரேபில். ஆனால் மனம் உடைந்து ஒரு பிள்ளை படுத்துக் கிடந்தால், நம் வீடுகளில் முதல் நாளே கேள்விகளை ஆரம்பித்துவிடுகிறோம்.

இனி வாலிபாலுக்கு வருகிறேன். வார்டு மைதானத்தில் வலை கட்டுவது எப்போதும் மாலையில்தான். குளோர்ப்ரோமசின் சாப்பிடுகிறவர்களுக்கு வெயில் பட்டால் தோல் சிவந்து எரியும்; ஆகவே வெயில் தாழ வேண்டும். லித்தியம் சாப்பிடுகிறவர் வியர்த்துக் கொட்டி, உடம்பில் நீரும் உப்பும் குறைந்தால், மருந்து இரத்தத்தில் ஏறி நஞ்சாகிவிடும். ஆகவே ஓரமாக உப்புப் போட்ட மோர் இருக்கும். பிரதர் சர்வீஸை எப்போதும் கையைத் தாழ்த்தித்தான் போடுவார். பந்து மேலே ஏறி, நிதானமாக இறங்கும். பழைய மருந்துகள் சிலருக்குக் கை கால்களை விறைக்க வைக்கும். அந்தக் கைகள் உயர்வதற்குள் பந்து வந்து விழுந்துவிடக் கூடாதே. ஸ்கோர் எழுதுகிறவரும் நோயாளிதான். அவர் கணக்கில் பத்தொன்பதுக்கு அடுத்து ஏழு வரும். அதற்காகச் சண்டையும் நடக்கும், நன்றாகவே நடக்கும். மாதக்கணக்கில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர் ஒரு பாயின்ட்டுக்காக எழுந்து வந்து கத்துகிறாரே என்று பிரதருக்குச் சந்தோஷம் தாங்காது.

ஆட்டம் அவருக்கு இன்னொரு கண்ணையும் கொடுத்திருந்தது. நேற்று எம்பியவர் இன்று காலைத் தேய்த்து நடக்கிறார். இன்னொருவர் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் கால் மாற்றி மாற்றித் தவிக்கிறார். பார்க்கிறவர்களுக்கு நோய் முற்றிவிட்டது போலத் தெரியும். பிரதர் மறுநாள் ரவுண்ட்ஸில், ‘டாக்டர், இது நோயில்லை, மருந்து கூடிப்போச்சுன்னு நினைக்கிறேன்’ என்பார். சில நேரம் டாக்டர் ஒப்புக்கொள்வார், சில நேரம் மாட்டார். ஒப்புக்கொள்ளாவிட்டால் பிரதர் அடுத்த நாளும் சொல்வார்.

2001 ஆகஸ்டு 6, திங்கட்கிழமை. விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப் போடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் வெந்து போனார்கள். 28 உயிர்கள். அந்த நாள் நமக்கு ஆண்டவரின் உருமாற்ற விழா. நற்செய்தியில், அந்த மலையிலிருந்து இயேசு இறங்கி வரும்போது கீழே காத்திருப்பவர் யார்? அடிக்கடி தீயிலும் தண்ணீரிலும் விழும் மகனோடு நிற்கிற ஒரு தகப்பன். பிரதர் ஒவ்வோர் ஆண்டும் அன்றைக்குப் பூசைக் கருத்து கொடுப்பார். பெயர் எழுத வேண்டிய இடத்தில் ‘ஏர்வாடி’ என்று மட்டும் இருக்கும்.

2017-ல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. சட்டம் அதன் வேலையைச் செய்யட்டும். கல்யாணம் காட்சிக்குக் கூட்டிவராமல், விருந்தாளி வந்தால் பின்னறையில் வைத்துத் தாழ் போடுகிற பழக்கத்தை நாம்தான் விட வேண்டும். இன்னொன்றையும் இந்தப் பீடத்திலிருந்தே சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்தினால்தான் ஆண்டவர் சுகம் தருவார் என்று எந்த ஜெபக்கூட்டத்தில் யார் சொன்னாலும், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிடுங்கள். என்னிடம் வாருங்கள், ஜெபிக்கிறேன், நோயில்பூசுதலும் கொடுக்கிறேன். மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டு வாருங்கள். நடு இரவில் தாங்க முடியாமல் போனால் 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ், அரசின் இலவச எண், தமிழிலேயே பேசலாம்.

செவிலியரின் பாதுகாவலர் புனித கடவுளின் யோவான் ஸ்பெயினின் கிரனாடா நகரில் பித்தர் என்று அடைக்கப்பட்டு, வைத்தியம் என்ற பெயரில் சாட்டையடி வாங்கியவர். வெளியே வந்து, 1550-ல் சாகும்வரை நோயாளிகளைச் சுமந்தார். அவர் பித்தானது ஒரு மறையுரையைக் கேட்டுத்தான் என்பது வரலாறு. என் மறையுரைக்கு அந்த ஆபத்து கிடையாது, பயப்படாதீர்கள்.

குணமான அந்தக் கெரசேனர் படகில் ஏறி இயேசுவோடு வர ஆசைப்பட்டார். ஆண்டவர் விடவில்லை, உன் வீட்டாரிடம் போ என்று அனுப்பினார். இதைத்தான் பிரதர் தம் தொழிலில் மிகக் கடினமான பாகம் என்பார். சுகமான பிறகும் கூட்டிப்போக ஆள் வராதவர்கள் உண்டு. கொடுத்த முகவரியில் வீடு மாறியிருக்கும், அல்லது மாறிவிட்டதாகச் சொல்வார்கள். விடுப்பு எடுத்துக்கொண்டு, டவுன் பஸ்ஸும் மினி பஸ்ஸும் மாறி, அவரே ஒருவரை ஊருக்குக் கூட்டிப் போயிருக்கிறார். அண்ணன் வீட்டில் கதவு திறக்கவில்லை. இருவரும் திண்ணையில் உட்கார்ந்தார்கள். தெருப்பையன்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். அவர்களிடம் ஒரு பந்து இருந்தது. பிறகு என்ன நடந்திருக்கும் என்று பிரதரைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தம்பி கூட்டத்தோடு கூட்டமாகப் பந்து தட்டுவதைக் கதவிடுக்கில் பார்த்துவிட்டு அண்ணி வெளியே வந்து, ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்டார்.

திருவிழாக் கோப்பைக்குப் பிரதர் பெயரை வைக்கலாம் என்று இளைஞர் இயக்கத்தினர் கேட்டார்கள். அக்காவுக்கு அதில் இஷ்டமில்லை. வார்டு வலை நைந்துவிட்டது, பந்து இரண்டும் காற்றுப் பிடிப்பதில்லை என்கிறார். இன்றைய இரண்டாம் காணிக்கை அதற்குத்தான். வாங்கியதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் கிளம்புகிறோம். சர்வீஸைத் தாழ்த்திப் போடத் தெரிந்தவர்கள் மட்டும் திருப்பலி முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். இப்போது மன்றாட்டுகளுக்காக எழுந்து நிற்போம்.