நோன்பும் நட்பும்

சென்ற சனிக்கிழமை கள்ளக்குறிச்சித் தோழியர் நால்வருடன் கல்வராயன் மலைக்குச் சென்றோம். பெரியார் அருவியையும் கோமுகி அணையையும் கண்டு திரும்புகையில் கதிரவன் மறைந்துவிட்டான். தோழியர் கட்டுச்சோற்றைப் பிரித்தனர். இருளில் சிற்றுயிர்கள் உணவில் விழுந்து மடியும் என்பதால் இரவு உண்ணா நோன்புடைய நாம் உண்ணவில்லை. நம்மை எண்ணி அவர்களும் இலையைத் தொடவில்லை.

நோன்பு காத்தோம், நால்வரைப் பட்டினியில் ஆழ்த்தினோமே, இது அகிம்சை ஆகுமா?

சிற்றுயிர்க்கு இரங்கும் அறம், உடனிருப்போர் பசியை மறக்கலாகாது. அதற்காக நோன்பைத் தளர்த்துவதும் தகாது. பிழை நோன்பில் இல்லை. காலையிலேயே சொல்லாத நம் கூச்சத்தில் இருந்தது. நோன்பு நம்முடையது, அதன் சுமை பிறர் தலையில் ஏறலாகாது.

மறுநாள் திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரை வணங்கப் புறப்படும்போதே சொல்லிவிட்டோம். பொழுது சாயுமுன் ஐவரும் சேர்ந்தே உண்டோம்.