ஐவகைப் பயம்

ஒரு நகரம் பாதுகாப்பானதா என்று கேட்டால் இக்காலத்தில் விடை எண்ணாகவே வருகிறது. ஆண்டில் பதிவான வழக்குகளை மக்கள்தொகையால் வகுத்து, லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று கணக்கிட்டு, அந்தத் தொகை குறைந்திருந்தால் ஊர் நல்ல ஊர் என்றும் கூடியிருந்தால் கெட்ட ஊர் என்றும் தீர்மானிப்பது வழக்கமாகிவிட்டது. மத்திய அரசு 1953 முதல் ஆண்டுதோறும் குற்றப் புள்ளிவிவரத் தொகுதி வெளியிட்டு வருகிறது. 1986இல் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அமைந்தபின் அப்பணி அதனுடையதாயிற்று. பெருநகரங்களுக்கு அதில் தனி அட்டவணை உண்டு. கும்பகோணம் போன்ற சிற்றூர்ப் பெருமை கொண்ட நகரங்களுக்கு அத்தகைய கௌரவம் இல்லை. அவை மாவட்டக் கணக்கிலே கரைந்துபோகின்றன. கரையாமல் தனித்து நின்றாலும் பெரிய பிரயோஜனம் இராது. 2011ஆம் ஆண்டுக் கணக்குப்படி கும்பகோணத்தின் மக்கள்தொகை 1,40,156. அவ்வளவு சிறிய ஊரில் ஒரே ஒரு கொலை கூடினால் லட்சத்துக்கான விகிதம் 0.7 ஏறிவிடும், மறு ஆண்டு அது நடவாவிட்டால் இறங்கிவிடும். ஊர் அப்படியேதான் இருக்கும், எண் மட்டும் ஏறி இறங்கும். ஆகையால் அவ்வூர்த் திண்ணையில் அமர்ந்திருக்கும் பெரியவர், "நம்ம ஊர்ல ஒரு பயமும் இல்லீங்க, ராத்திரி பன்னண்டு மணிக்குக்கூடப் பொம்பளப் புள்ளைங்க தைரியமா நடந்து வரலாம்" என்று சொல்லும் சொல்லை எந்த அட்டவணையாலும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

ஆனால் அவர் இல்லையென்று சொன்ன பயம் எது? மனிதன் எவரிடமிருந்து, எதனிடமிருந்து காக்கப்பட வேண்டியவன்? இந்தக் கேள்விக்குக் காவிரி நாட்டிலேயே, கும்பகோணத்திலிருந்து பஸ்ஸில் சென்று திரும்பக்கூடிய தூரத்திலுள்ள திருவாரூரைக் களமாகக் கொண்டு, விடை எழுதி வைத்தவர் சேக்கிழார். பெரிய புராணத்தின் தொடக்கத்தில் அவர் சொல்லும் மனுநீதிச் சோழன் கதை பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததுதான். ஆராய்ச்சி மணியும் அழும் பசுவும் யார் நினைவிலும் நிற்கின்றன. நினைவில் நில்லாதது, அந்தச் சோழன் அமைச்சரிடையே நின்று சொல்லும் ஒரு கணக்கு. உயிர்களைக் காக்கும் மன்னன் அவற்றுக்கு ஐந்து இடங்களிலிருந்து வரும் பயத்தை நீக்கக் கடமைப்பட்டவன் என்கிறான் அவன்: தன்னால் வரும் பயம், தன் பரிசனத்தால் வரும் பயம், பகைவரால் வரும் பயம், கள்வரால் வரும் பயம், பிற உயிர்களால் வரும் பயம். இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். கள்வர் நான்காம் இடத்தில் நிற்கிறார்கள். முதலிடம் அரசனுக்கு, இரண்டாம் இடம் அவனுடைய ஏவலர்க்கும் அதிகாரிகளுக்கும். சேக்கிழார் தாமே சோழ மன்னனிடம் அமைச்சராயிருந்தவர் என்பது பரம்பரைச் செய்தி. அப்படியாயின் பரிசனத்தை அவர் எந்த இடத்தில் வைத்தாரோ அந்த இடத்துக்கு உள்ளிருந்து கண்டவரின் சாட்சியம் என்னும் மதிப்பும் சேர்கிறது.

நம்முடைய குற்றப் புள்ளிவிவரம் பெரும்பாலும் அந்த நான்காம் பயத்தின் கணக்கேயாகும். அதையும் அது முழுமையாக எண்ணுகிறது என்பதற்கில்லை. சிலைத் திருட்டு வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றம் கும்பகோணத்தில் இருக்கிறது; அக்கம்பக்கத்துக் கோயில்களிலிருந்து செப்புத் திருமேனிகள் கடல் கடந்து போன கதைகள் அங்கே ஏராளம். அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தானில் பூட்டிக்கிடந்த கோயிலிலிருந்து நடராஜர் களவுபோனது ஊரார்க்குத் தெரியவரவே ஈராண்டுகள் ஆயின. ஆஸ்திரேலியா வரை சென்ற அந்தத் திருமேனி 2014இல் திரும்பிவந்தது என்பது வேறு விஷயம். இடைப்பட்ட அந்த ஈராண்டும் அந்த வட்டாரம் கணக்குப்படி களவற்ற வட்டாரமே.

அந்தப் பசு அழக் காரணமான கன்றின் கதைக்கு வருவோம். அரசகுமாரன் யாரையும் கொல்ல நினைத்தவன் அல்லன். அவனுடைய தேர் வீதியில் வந்துகொண்டிருந்தது. இளங்கன்று ஒன்று, எவரும் காணாதபடி, துள்ளி ஓடித் தேர்க்காலின் இடையே புகுந்து மாண்டது. இன்றைய காவல் நிலையத்தில் இதை விபத்து என்றே எழுதுவார்கள். அமைச்சர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதுதான். அறியாமல் நேர்ந்த பசுவதைக்குச் சாஸ்திரம் பிராயச்சித்தம் விதித்திருக்கிறது, அதைச் செய்வித்துவிடலாம் என்றார்கள். அரசன் மறுத்ததற்குக் காரணம் அவன் சாஸ்திரத்தை நம்பாதவன் என்பதன்று. அன்னியன் ஒருவன் ஓர் உயிரைக் கொன்றால் அவனைக் கொல்லும் தான், தன் மகன் கொன்றபோது மட்டும் தவம் செய்வித்து முடித்துக்கொள்வதானால், அது தன்னாலும் தன்னைச் சார்ந்தவராலும் வரும் பயமாகவே மக்களுக்கு முடியும் என்பதுதான் அவன் கண்ட நியாயம். மகனைத் தேர்க்காலில் இட்ட தண்டனையை இன்று யாரும் ஒப்பமாட்டார்கள், நானும் ஒப்பவில்லை. அந்த ஆணையை நிறைவேற்ற மனமின்றி அமைச்சர் ஒருவர் உயிரைவிட்டதைச் சேக்கிழாரே மறைக்காமல் சொல்கிறார். ஆனால் அதிகாரத்தின் தேர் உருளும்போது அதன் கீழ் அகப்படும் உயிரை வெறும் விபத்தென்று எழுதி மூடக்கூடாது என்று அவன் பிடித்த பிடிவாதத்தை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியவில்லை.

ஏனெனில், 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் தேதி வெள்ளிக்கிழமை, குற்றம் குறைந்ததென்று பேரெடுத்த கும்பகோணம் என்னும் அந்தக் கோயில் நகரத்தில், காசிராமன் தெருவிலிருந்த பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையற்கூடத்தின் கீற்றுக்கூரையில் பற்றிய தீ, குழந்தைகள் அமர்ந்திருந்த மாடி வகுப்பின் கீற்றுக்கும் தாவி, குறுகிய படிக்கட்டில் இறங்கித் தப்ப வழியின்றி 94 குழந்தைகளைக் கொன்றது. ஒரு கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள்; வெயிலில் காய்ந்த கீற்று; அதன் கீழே எரியும் அடுப்பு. பகைவர் எவரும் வரவில்லை, கள்வர் எவரும் நுழையவில்லை. கொல்லவேண்டும் என்று நினைத்தவர் அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை. குற்ற விகிதக் கணக்கிலே வழக்குகள் எண்ணப்படுமேயன்றி உயிர்கள் எண்ணப்படுவதில்லையாதலால், 94 பிள்ளைகளின் மரணம் அந்த ஆண்டின் விகிதத்தில் ஒரு வழக்கு. ஒரு வீட்டில் சங்கிலி பறிபோயிருந்தாலும் ஒரு வழக்குத்தான்.

சட்டம் இத்தகைய மரணத்தை நோக்கத் தயங்கியே பழகியது. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தில் அஜாக்கிரதையால் மரணம் விளைவிப்பதற்கெனத் தனிப் பிரிவே முதலில் இல்லை. 304ஏ என்ற அந்தப் பிரிவு 1870இல்தான் சேர்க்கப்பட்டது, 2024இல் அச்சட்டம் நீங்கும்வரை அதற்கும் உச்ச தண்டனை ஈராண்டுச் சிறையாகவே இருந்தது. சட்டம் இருக்கட்டும், சமயம் என்ன சொல்கிறது? நினையாமல் செய்தது பாவமா?

நினைப்பே வினை என்பது பௌத்தர் கொள்கை. அதை எதிர்த்து ஜைனர் செய்த பரிகாசம் அவர்களுடைய சூத்திரகிருதாங்கத்தில் இருக்கிறது. மனிதன் என்றெண்ணிப் பிண்ணாக்கு உருண்டையை ஈட்டியில் கோத்து வாட்டியவன் கொலைகாரன், பிண்ணாக்கென்றெண்ணி மனிதனையே வாட்டியவன் நிரபராதி. குழந்தை என்றெண்ணிச் சுரைக்காயைக் குத்தினால் பாவம், சுரைக்காய் என்றெண்ணிக் குழந்தையைக் குத்தினால் பாவமில்லை என்று ஒரு பௌத்தர் வாதிடுவதாகக் காட்டி, ஆர்த்ரகர் என்னும் முனிவரைக் கொண்டு அதை மறுக்கிறார்கள். எதிர்க்கட்சியின் நூலில் வரும் பௌத்தர் கொஞ்சம் அசட்டுப் பௌத்தராகத்தான் இருப்பார், அது எல்லா மதவாதங்களிலும் உள்ள வழக்கம். ஆனால் ஜைனர் பரிகாசத்தோடு நிற்கவில்லை. தத்துவார்த்த சூத்திரத்தில் உமாஸ்வாதி ஹிம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது பகையையோ குரோதத்தையோ அடையாளமாகச் சொல்லாமல், கவனம் தப்பிய மன வாக்குக் காயங்களின் செயலால் உயிரைப் பிரிப்பதே ஹிம்சை என்றார். உரைகாரர்கள் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். தரையைப் பார்த்துப் பார்த்து அடியெடுத்து வைக்கும் துறவியின் பாதத்தில் ஒரு பூச்சி தானே வந்து அகப்பட்டு மாண்டால் அவருக்கு அதனால் பந்தமில்லை. கவனமின்றி நடப்பவனோ, உயிர் ஏதும் சாகாவிட்டாலும் ஹிம்சை செய்தவனே ஆகிறான்.

கடைசியில் சொன்ன இந்தப் பாதி என்னைப் பல நாள் உறுத்தியிருக்கிறது. அதை ஏற்றுக்கொண்டால், 2004 ஜூலைக்கு முன் கீற்றுக்கூரையின் கீழ்ப் பிள்ளைகளை அடைத்துவைத்திருந்து, நல்வாய்ப்பாகத் தீப்பிடிக்காமல் போன பள்ளிகள் எத்தனையோ, அத்தனையும் எரிந்த பள்ளிக்குச் சமமான பழியுடையவை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எந்தப் புள்ளிவிவரமும் இதை ஒப்புக்கொள்ளாது. நடந்ததை எண்ணுவதுதான் அதன் தர்மம். அறநூல்களோ நடவாததையும் எண்ணுகின்றன. வள்ளுவரும், நினைக்கவேண்டியதை நினையாமல் மெத்தனமாயிருக்கும் குற்றத்துக்குப் பொச்சாவாமை என்று ஓர் அதிகாரம் ஒதுக்கியபோது, அதை இல்லறத்தானுக்கோ துறவிக்கோ உரிய அறத்துப்பாலில் வைக்காமல், பொருட்பாலில் அரசியலுக்குள் வைத்தார்.

இப்படியெல்லாம் கண்டிப்பாகப் பேசினால் நாளைக்குப் பள்ளிக்கூடம் நடத்த யார் முன்வருவார், கையெழுத்துப் போட எந்த அதிகாரி துணிவார் என்று கேட்பவர் உண்டு. அந்த ஆட்சேபத்துக்கு விடை அதே ஊரிலே கிடைக்கிறது. 1992 பிப்ரவரி 18 அன்று மகாமகக் குளத்தில் கூட்டம் நெரிந்து ஐம்பது பேர் அளவில் மாண்டார்கள். அடுத்த மகாமகம் 2004 மார்ச் மாதம் வந்தபோது, தடுப்புக் கட்டைகளும் ஒருவழிப் பாதைகளும் ஆயிரக்கணக்கில் காவலர்களுமாக முன்னேற்பாடு செய்யப்பட்டு, லட்சோபலட்சம் பேர் அந்தச் சிறிய குளத்தில் முழுகி வீடு திரும்பினார்கள். கவனம் என்பது மனித சக்திக்கு மீறியதன்று என்று மார்ச் மாதத்தில் காட்டிய நகரத்தில்தான் ஜூலை மாதத்தில் அந்தத் தீ. மந்திரிகளும் பத்திரிகைகளும் வந்து பார்க்கும் குளத்துக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு துளி, ஏழைப் பிள்ளைகள் படித்த மாடிக்குக் கிடைக்கவில்லை.

வழக்கு பத்தாண்டு நடந்தது. 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 21 பேரில் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்து, பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. பள்ளியை நடத்தியவர்களோடு சமையல் பொறுப்பிலிருந்தவர்களும், கட்டடத்துக்குச் சான்று தந்த பொறியாளரும், கல்வித்துறை அலுவலர்களும் குற்றம்சாட்டப்பட்டு நின்றார்கள். சேக்கிழாரின் இரண்டாம் வரிசை கூண்டில் ஏறியது அபூர்வமான காட்சிதான். 2017இல் உயர்நீதிமன்றம் அவர்களில் பலரை விடுவித்தது, நிறுவனரின் தண்டனையையும் அனுபவித்த சிறைக்காலமாகக் குறைத்தது. இதற்கிடையே, இத்தீயின் காரணமாகத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கொன்றில், அபாயமற்ற கட்டடத்தில் படிப்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்று 2009 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்து, தீயணைப்புச் சாதனமும் கட்டட உறுதிச் சான்றும் எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயம் என்றது. அன்றுமுதல் ஒவ்வொரு பள்ளியின் அலுவலக அறையிலும் அந்தச் சான்று சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கிறது. அதில் ஒப்பமிடுபவர் மாடிப்படி ஏறிப் பார்த்துவிட்டு ஒப்பமிட்டாரா என்பதைப் பெற்றோர் எவரும் கேட்பதில்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்று அறிய ஆசையாயிருக்கிறது.