மறுக்கும் உரிமை யாரிடம்?

சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்தம் வேர்விட்ட மண் கோலார் தங்கவயல். அவர் எழுத்துகளை நூலாக்கியது இங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. அந்தப் பௌத்தத்தின் எண்வகை வழியில் நல்ல பிழைப்பும் ஓர் அங்கம். ஆகவே, சுரங்கம் 2001இல் மூடிய பிறகு பெங்களூர் ரயிலை நம்பி வாழும் தங்கவயலின் ஊரிகத்தில், தனியாக வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் அர்பன் கம்பெனி போன்ற, செயலி வழியே வேலை தரும் நிறுவனத்தில் சேரலாமா என்பது வெறும் வரவு செலவுக் கணக்கல்ல. செயலின் பொறுப்பு எண்ணிச் செய்பவனுடையது என்கிறது பௌத்தம். கீசர் மாட்டப் போன இடத்தில் டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை பேஸிலும் மறுமுனையை எர்த்திலும் வைத்தால் பல்பு எரியவில்லை, அதாவது எர்த் இல்லை. எர்த் போடாமல் மாட்ட மாட்டேன் என்று தனியாள் ஏணியை மடக்கிவிடலாம். செயலி வழியே போனவருக்கோ ரேட்டிங் பயம், அடுத்த ஆர்டர் பயம். உயிர் போனால் பாவம் மட்டும் அவருக்கு.

தனியாளும் ஏமாற்றுகிறாரே, நிறுவனம் விலையையாவது நிர்ணயிக்கிறதே என்பார்கள். உண்மைதான், தனிமை யாரையும் யோக்கியராக்கிவிடாது. கம்பெனிக்கு உழைத்துப் பழகிய ஊர்தானே என்பது இன்னொரு வாதம். ஆனால் சுரங்கத்தில் எதிரே நின்று பேச அதிகாரி இருந்தார், பின்னால் சங்கம் இருந்தது. செயலியில் யாரிடம் முறையிடுவது? 2021இல் குருகிராமில் அர்பன் கம்பெனியின் அழகுக்கலைப் பெண்கள் கமிஷனையும் அபராதத்தையும் எதிர்த்து நிறுவன அலுவலக வாசலில்தான் உட்கார வேண்டியிருந்தது. கர்நாடகம் 2025இல் இப்படிச் செயலி வழி உழைக்கும் கிக் தொழிலாளர்களுக்குச் சட்டம் கொண்டுவந்திருக்கிறது. ஆகவே, சேருங்கள் என்றே சொல்வேன், ஆபத்தான வேலையை அபராதமின்றி மறுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்.