பூட்டிய கதவும் நம் பொறுப்பும்

குடியினாலோ போதை மருந்தினாலோ நிலைகுலைந்த மகனைத் திருத்த வழியறியாத பெற்றோர், அவனை மறுவாழ்வு இல்லமொன்றில் சேர்த்துவிட்டுத் திரும்புகின்றனர். கதவு பூட்டப்படுகிறது. அதற்குப் பின் உள்ளே நடப்பதைப் பார்வையிட அரசு அதிகாரிகள் வருவது முறையா? 'தொண்டு செய்வோரைச் சந்தேகிக்கலாமா?' என்று வினவுவோர் உளர். அவ்வினா எளிதில் தள்ளத்தக்கதன்று. எவரும் ஏற்காதவரை ஏற்றுக்கொண்ட இல்லங்கள் பல, மெய்யான இரக்கத்தால் எழுந்தவையே.

ஆயினும் நிய்யத்து வேறு, செயல் வேறு. நிய்யத்தை இறைவன் அறிவான். செயலை மனிதர் பார்த்தாக வேண்டும். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதற்சில நாள்களுக்குள் வலிப்பும் மனக்குழப்பமும் கண்டு உயிருக்கே இடர் நேரலாம். அப்போது மருத்துவர் இல்லாத இல்லத்தில் இரக்கம் மட்டும் என்ன செய்யும்?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளர் காப்பகமொன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டனர். 2017இல் இயற்றப்பட்ட மனநலப் பாதுகாப்புச் சட்டம், மதுவினாலும் போதைப் பொருளினாலும் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் தன் வரம்புக்குள் கொணர்ந்தது. பதிவின்றி இல்லம் நடத்தலாகாது. மூன்றாண்டுக்கொரு முறை தணிக்கை வேண்டும். சங்கிலியிடுதல் எவ்வகையிலும் கூடாது. கட்டாயமாகத் தலையை மழித்தலும் கூடாது என்கிறது அச்சட்டம்.

இச்சட்டத்தின் தேவையை உணர்த்தும் காரணம் மற்றொன்றும் உண்டு. போதைக்கு அடிமையானவன் பலமுறை பொய்யுரைத்திருப்பான். ஆகவே, 'என்னை அடிக்கிறார்கள்' என்று அவன் மெய்யே கூறினும், தப்பிவரச் செய்யும் தந்திரமென்றே வீட்டார் கொள்வர். அவமானத்துக்கு அஞ்சி அவர்கள் அயலாரிடமும் வாய் திறவார். இல்லத்தாருக்கோ மௌனமே வசதி. சாட்சியம் செல்லாதவனுக்கு நேரும் அநீதியை, அயலான் ஒருவன் நேரில் கண்டாலன்றி அறிய வழியில்லை. அக்கண்ணே ஆய்வாளரின் கண். நேர்மையான இல்லத்துக்கு அது இழுக்கன்று. அதன் நேர்மைக்குச் சான்று.

அரசின் கடமை அதுவாயின், நம் கடமை யாது? சேர்க்குமுன் பதிவுச் சான்றைக் கேட்போம். மருத்துவர் எப்போது வருகிறார் என வினவுவோம். காணச் செல்லுங்கால் மகனோடு தனித்துப் பேச இடம் தரவேண்டுமென வற்புறுத்துவோம். அதனை மறுக்கும் இல்லத்தில் அவனை விட்டுவரலாகாது. பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதனைப் பிறர் கையில் தரலாம்; அதற்குப் பதில் சொல்லும் பொறுப்பைத் தந்துவிட முடியாது.