ஆறு நிமிடக் காட்சி

சென்னையில் ஒரு மொட்டை மாடி. கொடிக்கயிறு, தண்ணீர்த் தொட்டி, கொசு. சூரியன் மறைந்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கிறது. கைப்பேசியில் குறித்து வைத்த நிமிடம் வந்ததும், மேற்கே பக்கத்துக் கட்டடத்தின் தலைக்கு மேல் ஒரு வெளிச்சப் புள்ளி எழும்புகிறது. அது சிமிட்டவில்லை. விமானத்துக்குரிய சிவப்பும் பச்சையும் அதில் இல்லை. இரைச்சலும் இல்லை. எந்த நட்சத்திரத்தையும் விடப் பளிச்சென்று உச்சிக்கு ஏறி, கிழக்கே இறங்கத் தொடங்கி, பாதி வானத்திலேயே மங்கி அணைந்து போகிறது. மிஞ்சிப் போனால் ஆறு நிமிடம். குழந்தைகள் கையசைக்கிறார்கள். கொஞ்சம் வெட்கத்தோடு பெரியவர்களும்.

யாரைப் பார்த்து?

பன்னாட்டு விண்வெளி நிலையத்தின் முதல் பகுதி 1998 நவம்பரில் மேலே போனது. 2000 நவம்பர் 2 முதல் அது ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. வழக்கமாக ஏழு பேர் இருப்பார்கள். 2025 ஜூன் கடைசியில் லக்னோக்காரரான சுபான்ஷு சுக்லாவும் இன்னும் மூவரும் போய்ச் சேர்ந்தபோது பதினொருவர் இருந்தார்கள். ஆனால் மாடியில் நிற்பவரின் கண்ணுக்கு அவர்களில் ஒருவரும் தெரிவதில்லை. 109 மீட்டர் நீளமுள்ள அந்தக் கட்டுமானமும் தெரிவதில்லை. தரையில் இருப்பவர்களுக்குச் சூரியன் மறைந்துவிட்டது. 400 கிலோமீட்டர் உயரத்தில் இன்னும் மறையவில்லை. அந்த வெயில் உலோகத்திலும் சூரியத் தகடுகளிலும் பட்டுத் திரும்புகிறது. கண் வாங்கிக்கொள்வது அதை மட்டும்தான். மற்றதெல்லாம் கேள்விப்பட்டது.

கண்ணால் கண்டது எது, கேள்விப்பட்டது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் தமிழில் மிகப் பழையது. மணிமேகலை வஞ்சி நகரில் ஒவ்வொரு சமயக்கணக்கராகச் சந்தித்து அவரவர் கொள்கையைக் கேட்கிறாள். முதலில் பேசுகிற அளவைவாதி, ஒன்றை உண்மை என்று அறிவதற்குப் பத்து வழிகள் இருப்பதாக எண்ணிக் காட்டுகிறான். கடைசியில் வருகிற பூதவாதிக்கு அவற்றில் ஒன்றே போதும். காட்சிக்கு எட்டியதுதான் உண்மை. மற்றவை வெறும் பேச்சு. மணிமேகலை அவனிடம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. உன் தாய் தந்தையரை, அனுமானத்தால் அல்லாமல், வேறு எப்படி அறிந்தாய்? தான் பிறந்ததைத் தானே நின்று பார்த்தவர் யார்?

பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இந்த அளவைகளிலிருந்துதான் தொடங்குகிறார். கடவுளைப் பற்றி ஒரு சொல் பேசுவதற்கு முன், எதை எப்படி அறிகிறோம் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் கட்சி. ஆறு, பத்து என்று பிறர் விரித்தவற்றையெல்லாம் காண்டல், கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடக்கிவிடுகிறார். மாடிக்கு மேலே போகிற புள்ளியை இந்த மூன்றால் அளந்து பார்க்கலாம். நகரும் ஒளி, காண்டல். சிமிட்டாததால் விமானம் இல்லை, நிமிடக்கணக்கில் நின்று போவதால் எரிகல் இல்லை, நடுவானில் அணைவதால் பூமியின் நிழலுக்குள் நுழைந்திருக்கிறது என்பதெல்லாம் கருதல். உள்ளே ஏழு பேர் இருக்கிறார்கள் என்பது உரை. கையசைப்பு மூன்றாவதை நோக்கித்தான். முதல் இரண்டுக்காக மட்டும் யாரும் கையசைப்பதில்லை. எரிகல்லுக்கு யார் டாட்டா காட்டுகிறார்கள்?

காண்டலிலும் ஐயமும் திரிபும் கலக்கும் என்று சித்தாந்த நூல்கள் எச்சரிக்கின்றன. கயிற்றைப் பாம்பென்று காண்பது வழக்கமான எடுத்துக்காட்டு. விண்வெளி யுகமே அப்படி ஒரு திரிபோடுதான் பிறந்தது. 1957 அக்டோபர் 4 அன்று சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் உலகெங்கும் மக்கள் வாசலுக்கும் மாடிக்கும் வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள். நகரும் ஒளி ஒன்றைக் கண்டு, ஸ்புட்னிக்கைப் பார்த்தோம் என்று காலமெல்லாம் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் ஸ்புட்னிக் 58 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள பந்து. வெறுங்கண்ணுக்கு எட்டுமா எட்டாதா என்ற அளவுக்கு மங்கலானது. பெரும்பாலோர் கண்டது அதைச் சுமந்துபோய்விட்டுத் தானும் சுற்றிக்கொண்டிருந்த ராக்கெட்டின் நடுப்பகுதியை. அவர்கள் பொய் சொல்லவில்லை. ஒளி உண்மை, பெயர்தான் தவறு. இன்றும் மேற்கு வானத்து வெள்ளியைக் காட்டி, இதுதான் விண்வெளி நிலையம் என்று அடித்துச் சொல்பவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. நின்ற இடத்தில் நிற்கிறதே என்றால், ரொம்ப மெதுவாகப் போகிறது என்பார்கள்.

கண்ணை இப்படிக் கேள்வி கேட்கத் தொடங்கினால், விண்வெளிப் பயணத்தோடு ஒட்டிக்கொண்ட புகழ்பெற்ற நாத்திக வாசகமும் சற்று ஆடிப்போகிறது. மேலே போனேன், அங்கே கடவுளைக் காணவில்லை என்று, முதன்முதலில் விண்வெளிக்குப் போன யூரி ககாரின் 1961இல் சொன்னதாகப் பல மேடைகளில் முழங்கியிருக்கிறார்கள். அவருடைய பயணத்தின் உரையாடல் பதிவுகளில் அப்படி ஒரு வாக்கியம் இல்லை. அந்தப் பேச்சை அவர் பெயரில் பரப்பியவர் சோவியத் தலைவர் குருசேவ் என்று ககாரினின் நண்பர் ஒருவர் பின்னாளில் சொன்னார். ககாரினுக்கு அடுத்துப் போன சோவியத் வீரர் கெர்மன் தித்தோவ் மட்டும், 1962இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கடவுளையோ தேவதைகளையோ தாம் பார்க்கவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். தேடி ஏறியவர் காணவில்லை என்று திரும்புவது தமிழ்நாட்டுக்குப் புதுக்கதையா? சிவன் கோயில்களின் கருவறைப் பின்சுவரில், மேற்கு நோக்கி, லிங்கோத்பவர் நிற்கிறார். நெருப்புத் தூணின் முடியைத் தேடி அன்னமாகப் பறந்த பிரமன் அதைக் காணவில்லை. தித்தோவ் கண்டதை, அதாவது காணாததை, உள்ளபடி சொன்னார். பிரமனோ தாழம்பூவைச் சாட்சிக்குப் பிடித்துக்கொண்டு, கண்டேன் என்று பொய் சொன்னான். அந்தக் கதையில் தண்டனை பெறுவது பொய் உரையும் பொய்ச்சாட்சியும். காணாததற்குத் தண்டனை கிடையாது. தூணின் அடியைத் தேடிப் போய், காணவில்லை என்று ஒப்புக்கொண்ட திருமாலுக்கு எந்தக் குறையும் வரவில்லை. இந்த வகையில் சோவியத் விமானி புராணத்தின் நல்ல பக்கத்தில் நிற்கிறார் என்று சொன்னால் இரு தரப்பாரும் கோபித்துக்கொள்வார்கள்.

அது இருக்கட்டும். அந்த ‘மேலே’ எவ்வளவு மேலே? தலைக்கு நேர் உச்சியில் வரும்போது விண்வெளி நிலையம், சென்னையிலிருந்து மதுரை எவ்வளவு தூரமோ ஏறத்தாழ அவ்வளவு தூரத்தில்தான் இருக்கிறது. நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுவதால் சென்னையிலிருந்து கன்னியாகுமரியை ஒன்றரை நிமிடத்துக்குள் கடந்துவிடும். அங்கே ஈர்ப்பு இல்லாததால் மிதக்கிறார்கள் என்பதும் தவறு. தரையில் உள்ள ஈர்ப்பில் பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் உண்டு. அவர்கள் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கிறார்கள். பக்கவாட்டு வேகத்தால் ஒவ்வொரு முறையும் பூமியைத் தவறவிடுகிறார்கள். மேலுலகம் என்ற சொல்லுக்குள் இருந்த உயரம், இறக்கம் எல்லாம் இந்தக் கணக்கில் கலைந்துபோகிறது.

கண்ணை நம்புவதா என்ற சிக்கல் மேலே போனவர்களின் மதத்துக்கும் வந்தது; அங்கே வந்த தீர்ப்பு வேடிக்கையானது. நிலையம் ஏறத்தாழ 93 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுகிறது. ஒரு நாளில் பதினாறு விடியல், பதினாறு அந்தி. 2003இல் கொலம்பியா விண்ணோடத்தில் போன இஸ்ரேலியர் இலான் ரமோன், இவற்றில் எந்த அந்தியில் ஓய்வுநாள் பிறக்கிறது என்று யூத குருமார்களிடம் கேட்க வேண்டியிருந்தது. 2007 அக்டோபரில், ரமலான் முடியும் தறுவாயில், மலேசியாவின் ஷேக் முஸாபர் ஷுகோர் விண்வெளி நிலையத்துக்குப் போனார். ஐந்து வேளைத் தொழுகை சூரியனின் போக்கை ஒட்டியது. கண்ணை நம்பினால் ஒரு நாளைக்கு எண்பது வேளை தொழ வேண்டும். மலேசிய அறிஞர்கள் அவருக்காக ஒரு கையேடே தயாரித்தார்கள். ராக்கெட் புறப்பட்ட இடத்தின் நேரத்தைப் பின்பற்றி, 24 மணி நேரத்தில் ஐந்து வேளை தொழுதால் போதும். திசைக்கும் ஒரு வரிசை வகுத்தார்கள்: முடிந்தால் கஅபா, இல்லையென்றால் அதற்கு நேர் மேலே உள்ள வெளி, அதுவும் முடியாவிட்டால் பூமி, எதுவும் முடியாவிட்டால் எந்தத் திசையும். கண்முன்னே சூரியன் எழுந்து விழுந்துகொண்டிருக்க, கண்ணை விட்டுவிட்டுக் கீழே எங்கோ ஓர் ஊரின் கடிகாரத்தை நம்பச் சொன்னார்கள். காண்டலை உரை வென்ற இடம் இது.

தரையிலோ நேர்மாறு. அமாவாசை எந்த நொடியில் நிகழ்கிறது என்று வானியல் முன்கூட்டியே சொல்லிவிடும். ஆனாலும் ரமலான் பிறையைக் கண்ணால் கண்டவர் வந்து சொன்னால்தான் தமிழ்நாட்டுத் தலைமை காஜியின் அறிவிப்பு வரும். கணக்கே போதும் என்று வாதிடும் முஸ்லிம்களும் இருக்கிறார்கள். அந்த விவாதம் ஒவ்வோர் ஆண்டும் தலைகாட்டுகிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சிலர் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பு அவ்வளவு நியாயமானது இல்லை. விண்வெளி நிலையம் எத்தனை மணிக்கு, எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் வரும் என்று கைப்பேசி சொல்லிவிட்டது. கணக்கு பொய்க்காது என்பது மாடிக்கு ஏறியவருக்கும் தெரியும். தெரிந்துகொள்ள இனி எதுவும் மிச்சமில்லை. பிறகு எதற்காக மாடிப்படி ஏறுகிறார்?

அறிவதற்கும் காண்பதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அதைக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்றைக்கும் அறிந்திருக்கிறார்கள். கருவறையில் இருக்கும் உருவம் எப்படிப்பட்டது, எந்தக் கையில் என்ன ஆயுதம் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். இருந்தும் தீபாராதனை நேரத்தில் எக்கி எக்கிப் பார்க்கிறார்கள். தரிசனம் புதுச் செய்தி எதையும் தருவதில்லை. தெரிந்த ஒன்றின் முன்னால் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துகிறது. திருமணத்தில் அருந்ததி பார்க்கும் சடங்கில், பகல் முகூர்த்தத்தில் விண்மீனே தெரியாதபோதும் விரல் நீட்டிக் காட்டுகிறார்களே, அதிலும் இதன் சாயல் உண்டு.

இங்கே ஒரு பகுத்தறிவாளர் குறுக்கிடுவார், குறுக்கிடவும் வேண்டும். ஏழு பேர் இருக்கிறார்கள் என்ற உரையையும் முக்கண்ணன் இருக்கிறான் என்ற உரையையும் ஒரே தட்டில் வைக்கலாமா? வைக்க முடியாது. முதல் உரை சோதனைக்கு நிற்கிறது. சொன்ன நிமிடத்தில் புள்ளி வருகிறது. உள்ளே இருப்பவர்கள் அமெச்சூர் வானொலியில் பேசினால், 145.800 மெகாஹெர்ட்ஸில் காது வைத்தால், எளிய கருவியிலேயே குரல் கேட்கும். பள்ளிப் பிள்ளைகள் கேள்வி கேட்டுப் பதில் வாங்கியிருக்கிறார்கள். தாழம்பூவை அப்படிக் குறுக்கு விசாரணை செய்ய வழியில்லை. பக்தர் இதற்குச் சொல்லும் பதில், தன் சோதனை வேறு வகையானது, உள்ளே நடப்பது என்பதாக இருக்கும். அந்தப் பதிலைப் பக்கத்து வீட்டுக்காரர் சரிபார்க்க முடியாது என்பதுதான் அதன் பலவீனம். அருணந்தியாரே உரையை எல்லோர் வாயிலிருந்தும் ஏற்றவர் இல்லை. ஆனால் காண்டல் ஒன்றே போதும் என்று பூதவாதியைப் போலப் பேசுகிறவரும் அன்றாடம் பாதிக்கு மேல் உரையில்தான் வாழ்கிறார், தன் பிறந்த தேதி உட்பட. ஆகவே நம்புகிறாயா, நம்பவில்லையா என்று கேட்பதை விட, யார் சொல்லி நம்புகிறாய், அவரை எப்படிச் சோதித்தாய் என்று கேட்பதே பயனுள்ள சண்டை.

அந்தக் கையசைப்பு மட்டும் இந்த வழக்கில் சரியாக அடங்குவதில்லை. நிலையத்தின் அடிப்பக்கத்தில் ஏழு கண்ணாடிகள் கொண்ட ஒரு சாளர அறை இருக்கிறது. ஓய்வு நேரத்தில் விண்வெளி வீரர்கள் அங்கே மிதந்தபடி பூமியைப் பார்ப்பார்கள். அந்த நிமிடத்தில் ஒருவர் அங்கிருந்து பார்த்தாலும், வங்கக் கடலோரத்தில் மஞ்சள் வெளிச்சப் படலமாக ஒரு நகரம் தெரியும். மாடி தெரியாது, கை தெரியாது. அசைப்பவருக்கும் அது தெரியும். பதில் வராது என்று தெரிந்தே அசைக்கிறார். கோயிலுக்கே போகாதவர்களும் இதைச் செய்கிறார்கள். அவர்களைக் கேட்டால், சும்மாதான் என்பார்கள்.

புள்ளி அணைந்த இடத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எல்லோரும் கீழே இறங்கிவிடுகிறார்கள். நிலையம் அடுத்த சுற்றில் திரும்பும்போது பூமி சுழன்றிருக்கும். அதன் பாதை மேற்கே ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் தள்ளி, அரபிக்கடலின் மேல் போகும்.